யோங் என்னும் எழுத்து

சென்ற மாதம் என் நண்பர் ஒருவருடைய குமாரன், வியாபார நிமித்தமாகச் சீனமொழி பயின்று வருபவன், என் மேஜையின்மேல் கிடந்த பழைய கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எதற்காக இப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். "மாமா, இப்போதெல்லாம் யாரும் கையால் எழுதுவதில்லை. கைபேசியில் உச்சரிப்பைத் தட்டினால் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. வேண்டியதைப் பார்த்துத் தொட்டால் தீர்ந்தது" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அவனுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்களும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் அந்த அபிப்பிராயம் எனக்குச் சம்மதமில்லை. சீன எழுத்து ஒன்றைக் கண் அடையாளம் கண்டுவிட்டால் அது நமக்குத் தெரிந்துவிட்டது என்று எண்ணுவது, ஒருவருடைய முகத்தை வீதியில் இரண்டு தடவை பார்த்ததனாலேயே அவரோடு பரிச்சயம் ஏற்பட்டுவிட்டது என்று எண்ணுவதைப் போன்றது. எழுத்தைக் கை அறிய வேண்டும்; அது எந்தெந்த எழுத்துகளோடு கூடி வாழ்கிறது, எந்தச் சந்தர்ப்பத்தில் வாய் திறக்கிறது, எந்தச் சந்தர்ப்பத்தில் மௌனமாக இருக்கிறது என்பதையும் அறிய வேண்டும். இந்த இரண்டும் கூடிய நூறு எழுத்துகள், கண்ணுக்கு மட்டும் தெரிந்த ஆயிரம் எழுத்துகளைக் காட்டிலும் ஒருவனுக்கு அதிகப் பிரயோஜனமாக இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த நோட்டுப் புத்தகத்தில் இருந்த எழுத்தின் பெயர் யோங். உத்தியோக நிமித்தம் சிங்கப்பூரில் சில வருஷங்கள் இருக்க நேர்ந்தபோது, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சீன மூதாட்டியிடம் மாலை வேளைகளில் நான் பாடம் கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்களை எழுதப் பழகியவுடன், நான்காவது வாரமே அவர் இந்த எழுத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். என்றென்றும், நெடுங்காலம், நிரந்தரம் என்பன அதன் பொருள். கோடுகள் ஐந்துதான். ஆயினும் அந்த ஐந்து கோடுகளோடு நான் ஏறக்குறைய இரண்டு மாத காலம் போராடினேன் என்பதையும், அந்த இரண்டு மாதம் வீண்போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சீனப் பிள்ளைகள் எழுதிப் பழகும் காகிதத்தில் சதுரமான கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையுமாகப் புள்ளிக்கோடுகள் ஓடும். ‘அரிசி’ என்று பொருள்படும் சீன எழுத்தின் வடிவம் ஏறக்குறைய அப்படியே இருப்பதால் அதற்கு அரிசி எழுத்துக் கட்டம் என்றே பெயர். யோங்கை எழுதுகிறவன் முதலில் அந்தக் கட்டத்தின் உச்சியில், நடுக்கோட்டை ஒட்டி, ஒரு புள்ளி வைக்கவேண்டும். புள்ளி என்றால் நம் மெய்யெழுத்தின்மேல் இடுகிற புள்ளி அல்ல. தூரிகையின் நுனி இடப்பக்கத்திலிருந்து சாய்வாக இறங்கி, ஒரு கணம் அழுந்தி, திரும்பித் தன்னையே மூடிக்கொண்டு எழவேண்டும். அதன்கீழ், புள்ளியைத் தொடாமல், இடமிருந்து வலமாக ஒரு சிறு கிடைக்கோடு. அது முடியுமிடத்தில் கையை எடுக்காமலே அழுத்தித் திருப்பி, நேர் கீழாக முதுகெலும்பைப் போல இறக்கி, அடியில் சற்று நிறுத்தி, இடப்பக்கம் மேல்நோக்கி ஒரு கொக்கியாக எகிறவிட வேண்டும். இவ்வளவும் சேர்ந்து ஒரே கோடு என்பதுதான் கணக்கு. பிறகு முதுகெலும்புக்கு இடப்புறத்தில் சிறிதாக மேல்நோக்கி ஏறி, அங்கிருந்து கீழ் இடதாக மெலிந்துகொண்டே வழிந்து போகும் மூன்றாவது கோடு. வலப்புறத்தில் மேலிருந்து முதுகெலும்பை நோக்கிச் சாய்ந்துவந்து முட்டும் குட்டையான நான்காவது கோடு. அது முட்டிய இடத்திலிருந்து புறப்பட்டு, வரவரத் தடித்து, கீழ் வலதாக இறங்கி, பாதம் ஊன்றினாற்போல நின்று, பின் மெல்ல நீண்டு காகிதத்தை விட்டுப் பிரியும் ஐந்தாவது கோடு.

இந்த வரிசை மாறக் கூடாது. நடுவில் இருப்பது முதலில், பிறகு இடம், அதன்பின் வலம். வரிசை எப்படியிருந்தால் என்ன, முடிவில் உருவம் வந்தால் போதாதா என்று நானும் ஆரம்பத்தில் கேட்டேன். ஆசிரியை பதில் சொல்லவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து, அதே எழுத்தை வேகமாக, கையெழுத்தாக, தூரிகையை எடுக்காமல் எழுதிக் காட்டினார். கொக்கியின் நுனி இடப்பக்கத்துக் கோட்டின் தொடக்கமாயிற்று. இடப்பக்கத்துக் கோட்டின் வால் காற்றிலே வளைந்து வலப்பக்கத்துக் கோட்டின் தலையாயிற்று. வரிசை தெரிந்தவனுக்கு அந்தச் சுழி தெளிவான எழுத்து. தெரியாதவனுக்கு அது கிறுக்கல். சீனத்தில் ஒருவர் மற்றொருவருக்கு அவசரமாக எழுதித்தரும் சீட்டைப் படிக்கவேண்டுமானால், எழுதினவருடைய கை போன வழியே நம் கண்ணும் போகவேண்டும் என்பதை அன்று நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

யோங் எழுத்தை முதற்பாடமாக வைக்கிற வழக்கம் மிகப் பழையது. அதன் ஐந்து கோடுகளுக்குள் தூரிகைக்கு வேண்டிய எட்டு விதமான அசைவுகளும் அடங்கியிருப்பதாகக் கண்டு, பழைய சீன ஆசான்கள் அவற்றுக்கு ‘யோங் எழுத்தின் எட்டு முறைகள்’ என்று பெயரிட்டார்கள். அந்த எட்டுக்கும் அவர்கள் இட்ட பெயர்களில்தான் எத்தனை உயிர் இருக்கிறது! புள்ளிக்குச் சாய்தல் என்று பெயர், கிடைக்கோட்டுக்குக் கடிவாளம் பிடித்தல், நிமிர்ந்த கோட்டுக்கு முனைந்து முயலுதல், கொக்கிக்குத் தாவல், இடப்பக்கத்தில் ஏறுகிற சிறு கோட்டுக்குச் சாட்டை வீசுதல், நீண்டு வழியும் கோட்டுக்கு வாரிக்கொண்டு போதல், வலப்பக்கத்துக் குட்டைக் கோட்டுக்குப் பறவை கொத்துதல், கடைசிக் கோட்டுக்குப் பிளத்தல். இவை கண்ணால் பார்ப்பதற்காகச் சொன்ன பெயர்கள் அல்ல, கையால் செய்வதற்காகச் சொன்ன பெயர்கள். என் கிடைக்கோடு வழுக்கிக்கொண்டு போனபோதெல்லாம் ஆசிரியை, ஓடுகிற குதிரையைக் கடிவாளத்தால் இழுத்துப் பிடிக்கிறவன் கையில் இருக்கும் இறுக்கம் இங்கே எங்கே என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு கோடு தானாகவே நின்று நடக்கும்.

எழுதும் கலையில் சீனர்கள் தலைமைப் பீடம் கொடுத்து வணங்குகிற வாங் ஷீட்சி, கி.பி. 353இல், மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், இன்றைய ஷாவோஷிங் நகருக்கு அருகே லான்டிங் என்னும் இடத்தில் நண்பர்கள் நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்த ஒரு வசந்தகாலக் கூட்டத்தில், வளைந்தோடும் ஓடையிலே மதுக் கிண்ணங்களை மிதக்கவிட்டு, கிண்ணம் யார் முன்னே நிற்கிறதோ அவர் ஒரு கவிதை சொல்லவேண்டும் என்று வைத்துக்கொண்டு பாடின பாடல்களையெல்லாம் தொகுத்து, அத்தொகுதிக்கு ஒரு முன்னுரை எழுதினார். இருபத்தெட்டு வரிகள், 324 எழுத்துகள். அந்த ஆண்டு யோங்ஹே என்னும் அரச சகாப்தத்தின் ஒன்பதாம் ஆண்டு. ஆகையால் தேதியைக் கொண்டு தொடங்கும் அந்த முன்னுரையில் அவர் தூரிகை முதன்முதல் எழுதிய எழுத்து யோங். அதே முன்னுரையில், நம் ஆறாம் வேற்றுமை உருபைப் போல வருகிற ஒரு சிறு எழுத்து இருபது இடங்களில் வருகிறது. இருபதும் இருபது விதமாக இருக்கின்றன என்று பார்த்தவர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். மூலப் பிரதியின்மேல் அளவற்ற ஆசை கொண்ட தாங் வம்சத்துச் சக்கரவர்த்தி தைட்சோங் அதைத் தம்முடைய சமாதிக்கே கொண்டுபோய்விட்டாராம். இப்போது நமக்குக் கிடைப்பவை பிற்காலத்தார் பார்த்தெழுதிய பிரதிகள்தாம்.

அந்த வாங் ஷீட்சியின் ஏழாந்தலைமுறையில் வந்த பௌத்த பிக்ஷு ஒருவருடைய பெயரிலேயே இந்த எழுத்து இருக்கிறது. ஜியோங் என்னும் அந்தத் துறவி, ஓர் எழுத்துக்கூட இரண்டாம் முறை வராமல் ஆயிரம் எழுத்துகளால் இயற்றப்பட்ட ஆயிர எழுத்து நூலை எண்ணூறு பிரதிகள் எழுதி மடாலயங்களுக்கு வழங்கினார் என்றும், தேய்ந்துபோன தூரிகைகளின் தலைகளைச் சேர்த்துவைத்துப் புதைத்து அதற்கு ஒரு சமாதி எழுப்பினார் என்றும் சொல்லப்படுகிறது. தேய்ந்த தூரிகைக்குச் சமாதி கட்டிய மனத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

இவ்வளவு சிரமம் இந்தக் காலத்துக்குத் தகுமா என்று கேட்பவர்களுடைய கட்சியை நான் அலட்சியம் செய்யவில்லை. அவர்கள் பக்கத்தில் நியாயம் நிறைய இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷு ஷென் என்பவர் செய்த பழைய அகராதியிலேயே 9,353 எழுத்துகள் இருந்தன. 1716இல் வெளியான காங்ஷி அகராதியில் 47,000க்கு மேல். அந்தப் பெரும் சுமை கோடிக்கணக்கான உழவர்களையும் பெண்களையும் பல தலைமுறைகள் படிப்பின் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. லூ ஷுன் போன்ற மகத்தான எழுத்தாளரே சீன எழுத்தைக் கைவிட்டு ரோமன் லிபிக்கு மாறவேண்டும் என்று வாதாடினார் என்றால், அந்த வேதனை எவ்வளவு ஆழமானதாக இருந்திருக்க வேண்டும்! 1956இல் எழுத்துகள் எளிமையாக்கப்பட்டன. 1958இல் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் குறிக்கும் பின்யின் முறை வந்தது. அதை வகுத்தவர்களில் முதன்மையானவரான ஜோ யோகுவாங் 1906இல் பிறந்து 2017 வரை வாழ்ந்து, தம் முறை சின்னஞ்சிறு கருவியில் புகுந்து உலகையெல்லாம் ஆளுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார். கிராமத்து மனிதர் 1,500 எழுத்தும் தொழிலாளி 2,000 எழுத்தும் அறிந்தால் எழுத்தறிவு பெற்றவர் என்று சீன அரசாங்கம் வரையறுத்தது. எழுத்தறிவை எல்லோருக்கும் எட்டச் செய்த அந்த முயற்சிகளைப் பழிக்க எனக்கு மனம் வராது.

வெளிநாட்டார்க்கென்று சீன அரசாங்கம் வகுத்து 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மொழித் தகுதி அளவுகோல், ஒன்பது படிகளில் 3,000 எழுத்துகளைப் படித்தறிய வேண்டும் என்றும், அவற்றுள் 1,200 எழுத்துகளை மட்டும் கையால் எழுதத் தெரிந்தால் போதும் என்றும் சொல்கிறது. இதுவும் எனக்குச் சரியாகவே படுகிறது. எல்லாவற்றையும் எழுது என்று சொல்லி மாணவனை முதுகொடிய வைப்பதில் லாபமில்லை. ஆனால் 1,200 என்று அளவு குறைத்துச் சொன்னதை, ஒன்றுமே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு, கட்டக் காகிதத்தைத் தொடாமலே பாடம் நடத்துகிற வழக்கம் பெருகி வருகிறதே, அதுதான் என் மனக்குறை.

கைபேசியில் யோங் என்று தட்டிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த எழுத்தன்று. ‘பயன்படுத்து’ என்று பொருள்படும் வேறோர் எழுத்து. அதன் பின்னே வீரம் வரும், அணைத்தல் வரும், பொங்குதல் வரும், நீந்துதல் வரும். தட்டுகிறவன் அவற்றுள் ஒன்றைத் தொடுகிறான். இது அன்று, இது அன்று என்று கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் நிற்பதைத் தொடுவது அறிவுதான். ஆனால் மிகவும் மெலிந்த அறிவு. கருவியைக் கையிலிருந்து எடுத்துவிட்டால் அந்த அறிவும் கூடவே போய்விடுகிறது. சீனர்களுக்கே இந்தத் துன்பம் நேர்ந்திருக்கிறது. எழுதுகோலை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்பதை நான்கே அசைகளில் சொல்லும் வாசகம் அங்கே இன்று எல்லோர் வாயிலும் வழங்குகிறது. 2013இல் சீன மத்தியத் தொலைக்காட்சி பள்ளிப் பிள்ளைகளுக்கென்று எழுத்துகளைச் சொல்லக் கேட்டு எழுதும் போட்டி ஒன்றை நடத்தியபோது, கூட இருந்த பெரியவர்களையும் அதே சொற்களை எழுதச் சொன்னார்கள். தேரை என்னும் பிராணியின் பெயரை, நாள்தோறும் வாயால் சொல்லுகிற ஒரு சொல்லை, எழுத முடியாமல் படித்த பெரியவர்கள் பலர் தவித்தார்கள். அந்த ஆண்டே அங்குள்ள கல்வி அமைச்சகம் ஆரம்பப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை வாரத்துக்கு ஒரு பாடவேளை தூரிகை எழுத்துக்கென்று ஒதுக்கச் சொன்னது. ஒரு பாடவேளை போதாது என்பது என் எண்ணம். ஆனாலும் திசை சரியானது.

ஹாங்காங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லி ஹாய் டான் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2005இல், பெய்ஜிங் பிள்ளைகளை ஆராய்ந்து, சீனமொழியில் படிக்கும் திறமை கையால் எழுதும் திறமையோடு நெருங்கிய சம்பந்தம் உடையது என்று எழுதினார்கள். நம்முடைய எழுத்து ஒலியைக் காட்டுகிறது. ககரத்தைக் கண்டால் நாவுக்கு வேலை வருகிறது. சீன எழுத்தோ முதலில் ஓர் உருவம். அந்த உருவத்தை மனத்தில் நிறுத்தி வைக்கிற ஆணி, கையின் ஞாபகம். உயரத்தில் உள்ள புள்ளியை மறந்துவிட்டு எழுதினால் யோங் ஏறக்குறைய ‘தண்ணீர்’ என்னும் எழுத்தாக மாறிவிடும். இரண்டுக்கும் வேற்றுமை கண்ணுக்குச் சிறியது, கைக்குப் பெரியது. எழுதினவன் அதில் ஏமாறமாட்டான்.

கண்ணால் மட்டும் கற்பவர்களுக்குத் துணையாக இப்போது படக்கதைகள் நிறையப் புறப்பட்டிருக்கின்றன. மலை என்னும் எழுத்து மூன்று சிகரம், மரம் என்னும் எழுத்து கிளையும் வேரும் என்று சித்திரம் போட்டுக் காட்டுகிறார்கள். முதல் நாள் பாடத்துக்கு அது இனிமையானதுதான். யோங்குக்கும் அப்படி ஒரு கதை உண்டு, ஒன்றல்ல, இரண்டு. நீண்டு ஓடும் நீரோட்டத்தின் உருவம் என்று ஷு ஷென் சொன்னார். 1899க்குப் பின் ஆராயப்பட்ட மிகப் பழைய எலும்புப் பொறிப்புகளில் உள்ள வடிவத்தைப் பார்த்து, தண்ணீரில் நீந்துகிற மனிதன் என்று பிற்காலத்து அறிஞர் சிலர் சொல்கிறார்கள். இரண்டும் ரசிக்கத் தக்கவை. ஆனால் சீன எழுத்துகளில் மிகப் பெரும்பான்மையானவை படங்கள் அல்ல. பொருளுக்கு ஓர் உறுப்பும் ஒலிக்கு ஓர் உறுப்புமாகக் கூடியவை. யோங்குக்கு இடப்பக்கத்தில் நீரைக் குறிக்கும் மூன்று துளிகளை வைத்தால் நீந்துதல். வாயைக் குறிக்கும் சிறு சதுரத்தை வைத்தால் இசைத்து ஓதுதல். இரண்டையும் யோங் என்றே சொல்ல வேண்டும். புரூஸ் லீ இளமையில் இப் மானிடம் கற்ற விங் சுன் என்னும் சண்டைக் கலையின் பெயரில் முதல் எழுத்து அந்த ஓதுதல்தான். காண்டனீஸ் வாயில் யோங் விங் ஆகிறது. வியட்நாமில் மேகோங் ஆற்றுப் படுகையில் உள்ள வின் லோங் நகரத்தின் பெயரில் முதலசை இதே யோங்தான். ஜப்பானியர் இதை எய் என்று படிக்கிறார்கள். ஓர் எழுத்தைக் கையால் நன்றாக அறிந்தவன், இந்தச் சுற்றத்தார் அனைவரையும் முதல் சந்திப்பிலேயே இனங்கண்டு கொள்கிறான். படக்கதையை மட்டும் நம்பினவனுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய கதை வேண்டியிருக்கிறது.

எழுதக் கற்றுவிட்டால் எழுத்து நம்முடையதாகிவிடுமா? ஆகாது. பிரயோகம் என்னும் பாதிப் பாடம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. இன்றைய பேச்சில் யோங் தனியாக நடப்பது அபூர்வம். தூரம் என்னும் எழுத்தைத் துணைக்கொண்டு யோங்யுவான் ஆகும்போது ‘என்றென்றும்’. நெடிது என்னும் எழுத்தோடு யோங்ஜியூ ஆகும்போது ‘நிரந்தரமான’. ஹாங்காங்கில் நிரந்தரவாசி என்பதற்கு அடையாளச் சீட்டில் இருப்பது அந்த யோங்ஜியூ. சீனத்தின் வீதிகளில் பல தலைமுறைகள் ஓட்டிய ஷாங்காய் சைக்கிளின் பெயரும் அதுவே. அந்த இரண்டு எழுத்துகளையும் வளைத்து, சக்கரமும் கைப்பிடியுமாக ஒரு சைக்கிளின் உருவமே தோன்றும்படி முத்திரை அமைத்திருக்கிறார்கள். பெய்ஜிங்கில் தியானன்மென் சதுக்கத்தில் 1958இல் திறக்கப்பட்ட மக்கள் வீரர் நினைவுத்தூணில், மாவோவின் கையெழுத்தில் பொன்பூசிப் பொறித்த எட்டு எழுத்துகளுள் ஐந்தாவது யோங். அந்த வீரர்கள் என்றும் அழியாதவர்கள் என்பது கருத்து. சைக்கிளிலும் நினைவுத்தூணிலும் ஒரே எழுத்து, ஒரே ஐந்து கோடுகள். ஆயினும் அது கூடியிருக்கும் கூட்டத்தைப் பொறுத்து அதன் குரல் மாறுகிறது.

‘அவன் எப்போதும் தாமதமாக வருகிறான்’ என்று எழுத நினைத்து நான் யோங்யுவான் போட்டபோது ஆசிரியை தலையசைத்தார். வழக்கமாக நடப்பதற்கு வேறு சொல் இருக்கிறது. யோங்யுவான் என்பது காலத்தின் கடைசி வரையில் போவது. ஆங்கிலத்தின் வழியே சீனம் கற்றதனால் நேர்ந்த பிழை அது. தமிழின் வழியே யோசித்திருந்தால் ‘எப்போதும்’ வேறு, ‘என்றென்றும்’ வேறு என்று எனக்கே தோன்றியிருக்கும். சொந்த பாஷையில் உள்ள நுட்பத்தை மறந்துவிட்டு அந்நிய பாஷை கற்கப் போகிறவர்களுக்கு இப்படி நேருவது இயல்பே.

இலங்கைக்குப் போயிருந்தபோது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில், காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பார்க்கப் போனேன். மிங் வம்சத்துக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே நிறுவிய கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் ஒரே பலகையில். சீனம் புத்தரைத் துதிக்கிறது. தமிழ் தென்னவரை நாயனார் என்னும் தெய்வத்தை வணங்கிக் காணிக்கைகளைச் சொல்கிறது. 1911இல் காலி நகரில், ஒரு வடிகாலின் மேலே மூடுகல்லாகக் கிடந்த நிலையில் அதைக் கண்டெடுத்தார்கள். கல் மிகவும் தேய்ந்திருக்கிறது. தமிழ் வரிகளை முதலில் தேடிப் பார்த்துவிட்டு, சீனப் பகுதியின் முடிவில் உள்ள தேதியைக் கண்ணால் தடவிக்கொண்டே போனேன். அது 1409ஆம் ஆண்டு. சீனக் கணக்கில் யோங்லே சக்கரவர்த்தியின் ஏழாம் ஆண்டு. யோங்லே என்றால் நிரந்தர ஆனந்தம். அந்தப் பெயரின் முதலெழுத்து என்னுடைய நோட்டுப் புத்தகத்தின் எழுத்தேதான். இரண்டாவது எழுத்தான ஆனந்தம் அன்று பதினைந்து கோடுகளால் ஆனது. 1956க்குப் பிறகு அதை ஐந்து கோடுகளில் எழுதுகிறார்கள். யோங் மட்டும் அன்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது. தமிழெழுத்து இருக்கும் அதே கல்லில், உளியால் வெட்டின அந்த யோங்கின் கொக்கி எங்கே திரும்புகிறது என்பதை, கண்ணாடிக்கு இப்புறம் நின்றுகொண்டு, விரலால் காற்றில் எழுதிப் பார்த்தேன். அடையாளம் மட்டும் தெரிந்தவனாக அங்கே நின்றிருந்தால் எனக்கு அந்தக் கணம் வாய்த்திராது.

ஆசிரியை தம் மகளோடு வாழ்வதற்காக வேறு தேசத்துக்குப் போவதென்று முடிவானபோது, நான் ஓர் அட்டையில் விடைபெறும் வாசகம் ஒன்றைச் சீனத்தில் எழுதிக் கொண்டுபோனேன். அகராதியைப் பார்த்து, யோங் என்னும் எழுத்தோடு பிரிவு என்னும் எழுத்தைச் சேர்த்து, மறக்கமுடியாத பிரிவு என்று பொருள்படும் என எண்ணி, யோங்பியே என்று எழுதியிருந்தேன். அவர் அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறந்துபோகிறவர்களுக்கும் அவர்களை வழியனுப்புகிறவர்களுக்கும் உரிய சொல் அது. இனி ஒருபோதும் பார்க்கமாட்டோம் என்பது அதன் பொருள். எழுபது வயதைக் கடந்த ஒருவர் கையில் நான் அதை எழுதிக் கொடுத்திருந்தேன். எனக்குப் பேச்சு எழவில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து, இரண்டு வருஷமாக என் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திய அதே சிவப்புப் பென்சிலை எடுத்தார். நன்றாக அமைந்த எழுத்துக்கு வட்டம் போடுவது அவர் வழக்கம். அத்தனை நாளில் என் யோங்குக்கு அவர் வட்டம் போட்டது அதிகமில்லை. இப்போது அட்டையில் இருந்த யோங்கைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் இருந்த பிரிவு என்னும் எழுத்தின்மேல் ஒரு சிறு கோடு கிழித்து, அதன் ஓரமாக, தூரம் என்னும் எழுத்தை எழுதி, அதன் பின்னே ஞாபகத்தில் வைத்திருத்தல் என்னும் சொல்லையும் எழுதினார். என்றென்றும் நினைவில் வைத்திருப்பேன் என்று வாக்கியம் முடிந்தது. பிறகு ஒரு வெள்ளை அட்டையை என் பக்கம் தள்ளி, முதலிலிருந்து எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், அதைத் தம்மோடு எடுத்துக்கொண்டு போனார். சிவப்பு வட்டம் போட்ட பழைய அட்டை, நண்பர் மகன் புரட்டிப் பார்த்தானே, அந்த நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.